குழாயில் வந்த தோடி

என் வாயில் மிச்சமிருக்கிற நாலு பல்லின் மேல் ஆணை. நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய் என்றாலும் அந்த நாலும் இன்றைக்கே உதிரட்டும். மேலப்பாறைக்குளத்துக் குழாய்களில் தண்ணீருக்குப் பதில் தோடி ராகம் வந்ததை இந்தக் காதால் கேட்டவன் நான்.

அந்த ஊரில் கோமளம் என்று ஒருத்தி. நாற்பது வயதுக்காரி. பஞ்சாயத்தில் தண்ணீர் திறந்துவிடும் வேலை. இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி வைத்திருப்பாள். அதைத் தெருத்தெருவாக வால்வுத் தொட்டியில் விட்டுத் திருகினால்தான் ஊருக்குக் குடிநீர். திருவிழா வந்தால் கோயிலில் நாயனம். அவள் மல்லாரி வாசித்தால் சாமி தூக்குகிறவர்களுக்குத் தோளில் கனமே தெரியாது. ஒரு வருஷம் பல்லக்கு அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது. நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன்.

ராகத்தை அவள் எடுப்பதும் தனி விதம். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஆரம்பித்து, கொஞ்சங்கொஞ்சமாகத் திறப்பாள். எந்த ஊர்ப் பாணி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள்.

"படக்குன்னு திறந்தா பழைய குழாய் வெடிச்சிருமுங்க," என்பாள்.

அவளுக்கு ஒரே சீடர். பெயர் குழந்தைவேலு, வயது ஐம்பத்தாறு. சீடர் குருவை "வாத்தியாரம்மா" என்பார். குரு சீடரை "அண்ணே" என்பாள். கேட்கிறவனுக்குத் தலை சுற்றும்.

அந்த வருஷம் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. கோமளம் திறந்தும் வரவில்லை. பெண்கள் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளைத்தான் வைதார்கள். இதுதான் சமயம் என்று ரைஸ்மில் சிதம்பரநாதர் கிளம்பினார். கோயில் கமிட்டித் தலைவர் அவர்தான். "அவளுக்கு ராகம் மண்டையில ஏறிருச்சு, வால்வு மறந்துபோச்சு," என்று ஊரெல்லாம் சொன்னார். திருவிழாவுக்கு முதல் நாள், கோயில் வாசலில் நாலு பேர் முன்னால் அவளை நிறுத்திவைத்துக் கேட்டார்.

"தண்ணி திறக்கிறவளுக்கு ஊதல் எதுக்கு? ஊதுறவளுக்குச் சாவி எதுக்கு? ரெண்டுல ஒண்ணைக் கீழ வை. இல்லேன்னா நாளைக்குக் குழந்தைவேலு ஊதட்டும்."

அவருக்கு மில் உண்டு, கமிட்டி உண்டு, செங்கல் சூளையும் உண்டு. அதில் ஒன்றைக் கீழே வை என்று யாராவது சொன்னார்களா? நாயனக்காரி ஒரு சாவி வைத்திருந்தால் மட்டும் கண்ணை உறுத்துகிறது.

மறுநாள் காலை கோமளம், ஊருக்கெல்லாம் தண்ணீர் பிரியும் பெரிய வால்வுத் தொட்டியருகே நின்றிருந்தாள். குழந்தைவேலு பட்டு வேட்டி கட்டி, நாயனத்தோடு விறுவிறுவென்று வந்தார்.

"வாத்தியாரம்மா, அந்தச் சாவியைத் தூக்கி எறிங்க."

"ஏண்ணே?"

"இந்த இரும்பாலதானே ஊரே உங்களை ஏசுது? வெறும் நாயனம்னு இருந்திருந்தா நீங்க இருக்கிற இடமே வேற."

"எந்த இடம்?"

"பெரிய மேடை."

"அங்க கடைசித் தெரு எந்தப் பக்கம் வரும்?"

"நான் வயிறெரிஞ்சு வந்திருக்கேன், நீங்க விடுகதை போடுறீங்க. தலை நரைச்சு இப்பத்தான் என்னை முதல் நாயனமாக் கூப்பிட்டிருக்காங்க. போகவா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க."

"மில்லு வீட்டு வாசல்ல எவ்வளவு வாசிக்கணுமாம்?"

"ராகம் பூராவும்."

"கடைசித் தெருவுல?"

குழந்தைவேலு தன் வேட்டிக் கரையைப் பார்த்துக்கொண்டார்.

"சாமி அங்க போகாதாம். முனையிலேயே திரும்பிரணுமாம். தண்ணியில்லாத தெருவுல வாசல் தெளிக்க மாட்டாங்க, தெளிக்காத வாசலுக்குச் சாமி எப்படிப் போகும்ங்கிறாரு மில்லுக்காரரு."

கோமளத்தின் முகம் செங்கல்லாய்ச் சிவந்தது. தொட்டிக்குள் இறங்கினாள். தண்ணீர் திறக்கும் நேரம் ஆகவில்லை. குழாய் காலியாகக் கிடந்தது. காற்றுப் போவதற்கு விட்டிருந்த சின்னக் குழாயின் மூடியைக் கழற்றினாள்.

"நாயனத்தைக் குடுங்கண்ணே."

நாயனத்தின் அகன்ற வாயை அதில் பொருத்தி ஊதினாள்.

அந்த ஊரில் காலையில் எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்துபோட்டு, அடியில் குடம் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். தண்ணீருக்கு முன்னால் காற்று வரும். 'புஸ்' என்ற சத்தம் கேட்டதும் ஓடி வருவார்கள். அன்றைக்கு 'புஸ்' வரவில்லை. தோடி வந்தது. செம்பு வைத்த வீட்டில் மேல் ஸ்தாயி. அண்டா வைத்த வீட்டில் கீழ் ஸ்தாயி. கடைசித் தெருவில், கோமளத்தை எல்லோரையும்விட அதிகமாக ஏசிய பவளக்கொடி, குழாயில் காதை ஒட்டவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

திடீரென்று அவள் குழாய் ஊமையாயிற்று. அடுத்து நடுத்தெரு. அப்புறம் சந்நிதித் தெரு. கோமளம் என்னவோ ஊதிக்கொண்டுதான் இருந்தாள். ராகம் எங்கே போயிற்று? சனங்கள் குடமும் கையுமாக வீதிக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

மில்லுக்காரர் வீட்டு மொட்டைமாடித் தொட்டி தோடி பாடிக்கொண்டிருந்தது.

குழாய் சத்தம் போட்டதும் மோட்டாரைப் போடுவது அந்த வீட்டு வழக்கம். ஊர்க் குழாயில் ஒளித்துவைத்த மோட்டார். உறிஞ்சிப் பழகியவன் என்ன வருகிறது என்று பார்த்தா உறிஞ்சுவான்? ஊர்த் தண்ணீரை இழுத்த சுவிட்ச் ஊர் ராகத்தையும் இழுத்துவிட்டது.

மில்லுக்காரர் தலையில் பரிவட்டத்தோடு கோயில் வாசலில் நின்றிருந்தார். பவளக்கொடி வெறுங்குடத்தை அவர் காலடியில் வைத்தாள்.

"உங்க தொட்டி நல்லாப் பாடுது மொதலாளி. எங்க குழாய் ஏன் ஊமையாச்சு?"

"எனக்கென்ன தெரியும்? உங்க நாயனக்காரியைக் கேளு."

"பாவம், அவளை ஒரு மாசமாக் கேட்டுட்டோம். இப்ப உங்களைக் கேக்குறோம்."

"எங்க வீட்டுல மோட்டாரே கிடையாது."

"மோட்டாருன்னு நான் சொல்லவேயில்லையே."

அந்த நேரம் பார்த்து, தண்ணீரில்லாமல் ஓடிய மோட்டார் தோடியின் கமகம் தாங்காமல் வெடித்தது. புகை கோபுரத்தைத் தாண்டிப் போனது. மில்லுக்காரர் பரிவட்டத்தை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெண்களே போய் அந்த மோட்டாரைப் பிடுங்கிக் குழாயை அடைத்துவிட்டு வந்தார்கள்.

கமிட்டிக்காரர்கள் மேல்துண்டு நழுவ வால்வுத் தொட்டிக்கு ஓடிவந்தார்கள். சாமி புறப்படக் காத்திருக்கிறது, கோமளம்தான் வாசிக்க வேண்டும் என்றார்கள். குழந்தைவேலுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பார்த்தீங்களா வாத்தியாரம்மா, தேடி வந்துட்டாங்க. இனிமேலாவது அந்தச் சாவியை வச்சுட்டு வாங்க."

கோமளம் காற்றுக் குழாயை மூடினாள். சாவியை வால்வில் விட்டு, மெல்ல, மிக மெல்லத் திருகினாள்.

"சாமி கொஞ்சம் நிக்கட்டும். கடைசி வீட்டுக்கு வந்துச்சான்னு கேட்டுட்டு வாங்கண்ணே."

"எது, தண்ணியா ராகமா?"

"ரெண்டுக்கும் கடைசி வீடு ஒண்ணுதான்."

குழந்தைவேலு பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடைசித் தெருவைப் பார்த்து நடந்தார்.

யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்காதீர்கள். மில்லுக்காரர் என் கூடப்பிறந்தவளின் புருஷன். தீபாவளி வேட்டி அங்கிருந்துதான் வரவேண்டும்.