மாரப்பனின் ரெண்டு காலும் சமமான கதை

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கிட்ட. இது கூழைப்பாளையத்துக் கபடிக் கதை. உரக்கச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கேட்டுவிட்டு, தங்களைப் புகழ்கிறோம் என்று மாலையோடு வந்துவிடுவார்கள்.

அந்த டீமில் எதிராளி பக்கம் பாடிப் போகத் தெம்புள்ளவன் மாரப்பன் ஒருத்தன்தான். மற்ற ஆறு பேரும் கோட்டைத் தாண்டினதும், "எங்கப்பா கிளம்பிட்டே?" என்று எவனாவது கேட்டால், நின்று பதில் சொல்லி மூச்சை விட்டுவிடுகிறவர்கள்.

மாரப்பனுக்கு வலது முட்டிச்சில்லு நழுவிக்கொண்டே இருந்தது. ஆப்ரேசன் செய்து டாக்டர் அதை அதன் இடத்தில் நிறுத்தினார். ஐந்து மாசம் ஆயிற்று. பக்கத்து ஊர் வேப்பங்காட்டோடு போட்டிக்கு இன்னும் இருபதே நாள். இந்த வருசமும் ஆடாவிட்டால் தன் பனியனை வேறு எவனுக்காவது மாட்டிவிடுவார்களே என்று அவனுக்கு ஒரே கவலை.

ஏழு பேருமாக டாக்டரிடம் போனார்கள்.

"ஒத்தைக் கால்ல தாண்டிக் காட்டுப்பா."

இடது கால் ஐந்தடி தாண்டியது. வலது ரெண்டடியோடு நின்றுவிட்டது.

"ரெண்டு காலும் சமமாத் தாண்டணும். அதுவரை களத்துல இறங்காதே. பயிற்சி பண்ணு, நாலு மாசமாவது ஆகும்."

வெளியே வந்ததும் கேப்டன் நல்லதம்பி தலையில் கை வைத்தான். "நாலு மாசத்துக்கு நான் எங்கடா போவேன்?"

ராக்கியப்பன் தொண்டையைச் செருமினான். டீமில் அவன்தான் அறிவாளி. எட்டாவதை மட்டுமே மூணு வருசம் படித்தவன்.

"மாப்ளே, ரெண்டடியை அஞ்சடி ஆக்கத்தான் நாலு மாசம். அஞ்சடியை ரெண்டடி ஆக்க எத்தனை நாள் ஆயிரும்?"

இவ்வளவு படித்த டாக்டருக்கு இது தோணலையே என்று மாரப்பன் அவருக்காக வருத்தப்பட்டான்.

அன்றைக்கே நல்ல காலுக்கு மூங்கில் தப்பை வைத்து அசையாமல் கட்டினார்கள். குளிக்கத் தூக்கிப் போனார்கள். டீ குடிக்கத் தூக்கிப் போனார்கள். மாரப்பனின் கவலை இளைத்தது, உடம்பு பெருத்தது.

பத்தாம் நாள் அளந்தார்கள். இடது மூன்றடி. சும்மா கிடந்ததால் வலது ஓரடி.

"அதுவும் சேர்ந்து இறங்குதேடா!" என்றான் நல்லதம்பி.

"இறங்கட்டும். தரைக்குக் கீழே போக முடியாதில்ல? அங்கே ரெண்டும் சந்திச்சே தீரணும்," என்றான் ராக்கியப்பன்.

சந்தித்தன. போட்டியன்று காலையில் ரெண்டு காலும் ஒரு விரற்கடைகூடத் தாண்டவில்லை. நல்லதம்பி நூல் பிடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மேளத்தோடு மாரப்பனைத் தூக்கிப் போய்க் களத்தில் நட்டார்கள். கையை எடுத்ததும் வலப்பக்கம் சாய்ந்தான். மறுபடி நட்டார்கள். இடப்பக்கம் சாய்ந்தான்.

"பாத்தீங்களா? எந்தப் பக்கமும் ஓரவஞ்சனை இல்லை," என்றான் ராக்கியப்பன்.

நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ஏய்யா, களத்துல நிக்கிற மத்தவங்களுக்குச் சமமா ஓடத் தெரிஞ்சா இவன் ஆடட்டும். இல்லேன்னா வெளியே தூக்கிட்டுப் போங்க."

மாரப்பனுக்குக் கண் கலங்கியது. பனியனை இறுகப் பிடித்துக்கொண்டு ராக்கியப்பனைப் பார்த்தான்.

"இவ்வளவுதானே மாப்ளே? அழுவாதே."

ராக்கியப்பன் களத்தில் நின்றவர்களை நிதானமாக எண்ணினான். நம்மாள் ஆறு, வேப்பங்காட்டாள் ஏழு, விசிலோடு ஒருத்தர். அரிவாளோடு மூங்கில் புதருக்குப் போனான். பெரிய கட்டாகத் தப்பையைச் சுமந்து வந்து, நடுவர் காலடியில் இறக்கி, மரியாதையாக மண்டியிட்டான்.

"ஐயா, பெரியவங்கள்ல இருந்தே ஆரம்பிச்சுடறேன். காலைக் கொஞ்சம் நீட்டுங்க."