நாலு கிலோப் பை

நான் கேட்டபடியே சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

சேந்தமங்கலத்தில் கோகிலவாணி என்று ஒரு சைக்கிள்காரி. சொந்தமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். வயது முப்பத்தைந்து. ஒரே ஒரு பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு இமயமலை வரைக்கும் தனியாக மிதித்துப் போய் வந்தவள், அதுவும் மூன்று தடவை. துணைக்கு ஆள் கிடையாது, பின்னால் ஜீப் கிடையாது. கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

அவளுக்கு ஒரு சிஷ்யர் வாய்த்தார். பெயர் நாச்சிமுத்து, வயது அறுபத்தொன்று. குருவுக்குத் தாடி நரைத்திருக்க வேண்டும் என்று நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே சிஷ்யருக்குத்தான் மீசை நரைத்திருந்தது.

நாலாவது பயணத்துக்கு மூன்று வாரம் இருந்தது, ஒரு திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். இந்தத் தடவை ஒரே ஒரு ஆளைக் கூட்டிப்போவதாகக் கோகிலவாணி சொல்லியிருந்தாள். அந்த ஆள் தானாக இருக்க வேண்டும் என்பது நாச்சிமுத்துவின் தவம்.

"ஆசை இருக்குது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்குது கழுதை மேய்க்க" என்று அவருடைய வீட்டுக்காரம்மா சிரித்தார்.

"சிரி சிரி. இந்த முட்டி இன்னும் ஒரு வருஷந்தான் தாங்கும். பனிமலையைக் கண்ணால பாக்காம என் கட்டை வேகாது" என்றார் நாச்சிமுத்து.

கோகிலவாணி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"பயணத்துக்கு என்ன கட்டுவீங்களோ, அதைக் கட்டிக்கிட்டுக் கொல்லிமலை ஏறிக் காட்டுங்க சார். எழுபது வளைவு. அப்புறம் பேசிக்கலாம்."

முதல் ஞாயிறு நாச்சிமுத்து முப்பத்தோரு கிலோவோடு வந்து நின்றார். மனுஷன் சர்க்கரை ஆலையில் முப்பத்து மூன்று வருஷம் ஸ்டோர் கீப்பர். எந்தச் சாமானுக்கும் உபரி ஒன்று இருப்பில் இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. இரண்டு பம்ப், மூன்று டார்ச், நாலு பூட்டு. பூட்டு போடுவதற்கு அவரிடம் பெட்டிகூடக் கிடையாது.

ஒன்பதாவது வளைவில் சைக்கிள் நின்றுவிட்டது. அவரும்தான்.

"அம்மணி, எதைக் குறைக்கறதுன்னு சொல்லுங்க."

"எனக்கு எப்படிங்க தெரியும்? பை உங்களுது."

இரண்டாவது ஞாயிறு பதினாறு கிலோ. முப்பத்தெட்டாவது வளைவு வரைக்கும் போனார். அங்கே பாறையில் உட்கார்ந்து அழாத குறையாக மேலே பார்த்தார். கோகிலவாணி அவரோடு கீழே இறங்கினாள்.

மூன்றாவது வாரம் ஸ்டோர் கீப்பருக்கு வெறி பிடித்தது. ஆலையில் இருந்து கொண்டுவந்த கொக்கித் தராசை உத்தரத்தில் மாட்டிவிட்டு ஒவ்வொன்றாக வெளியே எறிந்தார். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்தார். சட்டையில் இருந்த காலர் பட்டியைப் பிரித்து எடுத்தார். பம்ப் கைக்கு வந்தது. கொஞ்சம் யோசித்தார்.

"அம்மணிகிட்ட ஒண்ணு இருக்கும். ஒரே ரோட்டுல போறதுக்கு ரெண்டு பம்ப் எதுக்கு?"

பம்ப் போனது. அதே நியாயத்தில் பஞ்சர் ஒட்டுகிற சாமான், மழைக்கோட்டு, அடுப்பு, இரண்டாவது தண்ணீர் பாட்டில் எல்லாம் போயின. தராசு முள் நாலில் வந்து நின்றது. நாச்சிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிறு காலை காரவள்ளி அடிவாரத்தில் கோகிலவாணி அவருடைய பையை ஒரு பார்வை பார்த்தாள். "நாலே கிலோ!" என்றார் அவர். அவள் தலையை ஆட்டினாள்.

"நீங்க முன்னாடி போங்க சார். நான் பின்னாடி வர்றேன்."

ஏறினார். அட, என்ன ஏற்றம்! போன வாரம் எமனாக நின்ற மலை இன்றைக்குத் தானே தூக்கிவிட்டது. பதினாலாவது வளைவில் தண்ணீர் தீர்ந்தது. கோகிலவாணி பாட்டிலை நீட்டினாள், வாங்கிக் குடித்தார். இருபத்தேழில் முள் ஏறி டயர் இறங்கியது. அவள் மண்டி போட்டு ஒட்டி, காற்றடித்துக் கொடுத்தாள். நாற்பத்தொன்றில் மழை பிடித்தது. அவள் ஒரு கோட்டை எடுத்துக் கொடுத்தாள், மாட்டிக்கொண்டு மிதித்தார். ஐம்பத்து மூன்றில் பசி காதை அடைத்தது. சின்ன அடுப்பைப் பற்ற வைத்து ரவைக் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள்.

குடித்து முடித்த தெம்பில் நாச்சிமுத்துவுக்குக் குறும்பு வந்துவிட்டது.

"என்னுங்க அம்மணி, இமயமலையே ஏறுனவங்க இன்னைக்கு என் பின்னாடியே வர்றீங்க? வயசாயிருச்சா?"

"மெதுவா வர்றனுங்க" என்றாள் அவள்.

எழுபதாவது வளைவு.

மழை விட்டிருந்தது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு நாச்சிமுத்து விளிம்பில் போய் நின்றார். காலுக்குக் கீழே மேகம். மேகம் விலகின இடத்தில் வயல், ஏரி, எறும்பு மாதிரி லாரிகள். தான் வந்த பாதை மடிந்து மடிந்து காட்டுக்குள் இறங்கிப் போவதைப் பார்த்தார். இத்தனை தூரம் இந்த இரண்டு காலா ஏறியது? கை தானாகக் கும்பிட்டது. கண் நிறைந்துவிட்டது. "அப்பனே, அறப்பளீசா!" என்று மலைச்சாமியை வாய்விட்டே கூப்பிட்டார்.

அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். கொக்கித் தராசைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதை மட்டும் அவரால் விட முடியவில்லை. தன் பையை மாட்டினார். நாலு.

"உங்களுது எவ்வளவுன்னு பாக்கலாமுங்களா? தெரிஞ்சுக்கத்தான்."

"பாருங்க."

கொக்கியில் மாட்டித் தூக்கினார். தோள் இறங்கியது. முள் பதின்மூன்றில் நின்றது.

தராசு கெட்டுவிட்டது என்று நினைத்தார். இரண்டு தட்டு தட்டி மறுபடியும் தூக்கினார். பதின்மூன்றேதான்.

"இதென்ன அம்மணி, ஒரே பையோட இமயமலை போனவங்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை சுமையா?"

"தொறந்து பாருங்க சார்."

திறந்தார். மேலே பம்ப். அதற்குக் கீழே இரண்டு அளவில் டியூப்கள். கோகிலவாணியின் சக்கரம் சின்னது. பெரியது அவருடைய சைக்கிளுக்கு மட்டும்தான் ஆகும். இரண்டு தட்டு, இரண்டு டம்ளர். இரண்டு பேர் குடிக்கிற தண்ணீர். பிரிக்காத முட்டிவலித் தைலம் ஒரு பாட்டில். நாச்சிமுத்து குனிந்து, தான் போட்டிருந்த மழைக்கோட்டைப் பார்த்தார். அது அவருக்குக் கச்சிதமாக இருந்தது. கோகிலவாணி போட்டால் தரையில் புரளும்.

அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எழுபது வளைவு. பதின்மூன்று கிலோ. ஒரு பெருமூச்சு விடவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. கேலி பேசியபோதுகூடச் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறாள். சற்று முன்னால் மலையைக் கும்பிட்ட கை இப்போது அவளைக் கும்பிடவும் துணியாமல் மடியில் கிடந்தது.

"என் சுமையையும் சேத்தா தூக்கிட்டு வந்தீங்க?"

"ஆமாங்க."

"அடிவாரத்துலயே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?"

"சொன்னா திருப்பி முப்பத்தொண்ணு கட்டிட்டு வருவீங்க."

அது உண்மை. நாச்சிமுத்து தன் பையைத் திறந்தார். பெரிய டியூப்பை எடுத்து உள்ளே வைத்தார். தைலத்தை வைத்தார். ஒரு தட்டு, ஒரு டம்ளர், தன் பங்குத் தண்ணீர். பம்ப்பையும் எடுத்தார். அவருடைய பை உப்பிக்கொண்டே வந்தது. இந்தத் தடவை அவர் தராசைத் தொடவில்லை.

வாரை இழுத்துக் கட்டிவிட்டு எழுந்தார். சொல்லக் கூசியது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"மூணு வாரமா வந்தேன். முதல்ல எல்லாத்தையும் கட்டிக்கிட்டு வந்தேன், கடைசியில எல்லாத்தையும் உங்க தலையில கட்டிட்டேன். இதுல நான் தேறலைன்னு எனக்கே தெரியுது. திங்கக்கிழமைக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க அம்மணி. எனக்கு வருத்தமில்லை."

வருத்தம் இல்லை என்று சொல்லிக்கொண்டே, கட்டி முடித்த வாரை இன்னொரு தடவை இழுத்துக் கட்டினார்.

கோகிலவாணி இளைத்துப்போன தன் பையைக் கேரியரில் வைத்துக் கயிற்றை முடிந்தாள். ஒரு காலைத் தூக்கிப் பெடலில் வைத்தாள்.

"நான் தனியாப் போனா ஆறு கிலோவுக்கு மேல கட்டமாட்டனுங்க சார். ரெண்டு பேருக்குன்னுதான் இன்னைக்குக் காலையிலேயே கட்டுனேன்."