உடையாத ஜூபிடர்

ரோமாபுரிச் சீமையில் ஒரு கடலோரப் பட்டணம். அதை ஆண்ட காசியன் பெரிய பக்திமான். எந்தச் சாமிக்குப் பக்தன் என்பதை மட்டும் சக்கரவர்த்தி சொல்லவேண்டும். பழைய சக்கரவர்த்தி காலத்தில் காசியன், ஊர்க் கோயிலில் இருந்த ஜூபிடர் சாமியின் தலையை எடுத்துவிட்டு, தன் முகத்தைச் செதுக்கி வைக்கச் சொன்னான். அதில் ஒரு கீறல் விழுந்தாலும் கீறியவன் கையை வெட்டுவேன் என்று தண்டோராவும் போட்டான்.

புதுச் சக்கரவர்த்தி கிறிஸ்தவரானார். சேதி வந்த அன்றே காசியன் கழுத்தில் சிலுவை தொங்கியது. கோயில் கூட்டும் அடிமை தீரோனைக் கூப்பிட்டான்.

"பொழுது சாயறதுக்குள்ள எல்லா விக்கிரகத்தையும் உடைச்சுடு. ஒண்ணு மிஞ்சினாலும் உன் தலை இருக்காது!"

சாயங்காலம் காசியன், கிறிஸ்தவ சபைத் தலைவரான ஆயரையும் ஊராரையும் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தால், எல்லாம் தூள். ஜூபிடர் மட்டும் காசியன் முகத்தோடு ஜம்மென்று நிற்கிறார்.

"இதை ஏண்டா விட்டே?"

"உடைச்சா கை போகும், விட்டா தலை போகும், எசமான். நீங்களே ஒரு போடு போட்டுட்டா எனக்கு ரெண்டும் தப்பிக்கும்" என்று சம்மட்டியை நீட்டினான் தீரோன்.

காசியன் ஓங்கினான். அந்த மூக்கைப் பார்த்தான். கை இறங்கவில்லை. "நல்ல வேலைப்பாடு..." என்று முனகினான்.

தீரோன் ஆயரைக் கும்பிட்டான்.

"சாமி, நாங்க எல்லாரும் பழைய தெய்வத்தை விட்டுட்டோம். இவருக்குத்தான் மனசு வரல."