துலுக்காணத்துக்காகக் காத்திருந்த விசில்

வியாசர்பாடியில் ஒரு கல்லூரி வாசலில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்த்து வந்தார் துலுக்காணம் என்னும் அடியார். சிவனுக்கு அடியார் உண்டு, திருமாலுக்கும் உண்டு. இவரோ அந்தக் கல்லூரியின் கால்பந்து அணிக்கு அடியார். சிரிக்காதீர்கள். சாமியை நாமா தேர்ந்தெடுக்கிறோம்?

மேட்ச் நாளில் அவர் வேறு துணியைத் தொடமாட்டார். பதினொரு பனியன்களையும் கூலி வாங்காமல் தேய்த்து, நம்பர் கசங்காமல் மடித்துக் கொடுப்பார். டாஸ் போட்டதும், நம் பிள்ளைகள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று பார்த்து, அந்தக் கோல் கம்பத்தின் அடியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்றைப் புதைப்பார். அங்கேயே பின்னால் உட்கார்ந்துகொள்வார்.

அணியோ தோற்றுக்கொண்டே இருந்தது. முதல் பாதியில் எப்படியோ தாக்குப்பிடிப்பார்கள். இரண்டாம் பாதியில் மொத்தமாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். ஆரம்பத்தில் துலுக்காணம் கத்தினார், கோச்சைத் திட்டினார், சோறு இறங்காமல் கிடந்தார். போகப்போக அதுவும் நின்றுபோனது. கோல் விழுந்தால் மனசு மரக்கட்டையாகக் கிடந்தது. டீக்கடையில் "இன்னா துலுக்காணம், இன்னிக்கு எத்தினி?" என்று கேலி செய்தால், "அஞ்சு" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார். ஆனாலும் அடுத்த மேட்சுக்குப் பழம் வாங்கத் தவறியதில்லை.

பதினோராவது வருடத்தின் கடைசி மேட்ச் வந்தது. தோற்றால் அணியையே கலைத்துவிடுவதாகக் கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். டிரா செய்தால் பிழைக்கும். முதல் பாதி கோலில்லாமல் முடிந்தது. கம்பத்தருகே பாய்ந்து விழுந்ததில் மண் பெயர்ந்து, பழம் கோல்கீப்பர் ஜெயசீலனின் கையில் சிக்கியிருந்தது. இடைவேளையில் அதை எடுத்துக்கொண்டு துலுக்காணத்திடம் வந்தான்.

"அண்ணே, இன்னா இது?"

"நம்ம கோலைக் காப்பாத்தத்தான் கண்ணு. பதினோரு வருசமா வெச்சிக்கினு வரேன்."

"ஐயோ, செகண்ட் ஆஃப்ல இந்தக் கோலு அவங்களுதாச்சேண்ணே! இத்தினி வருசமா அவங்களையா காப்பாத்திக்கினு இருந்த?"

கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். துலுக்காணத்துக்கு அழுகையும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. பழத்தை வாங்கி வேட்டியில் துடைத்தார். மறுபக்கக் கோலை நோக்கி, மைதானத்தின் நடுவிலேயே நடக்கத் தொடங்கினார். நாளெல்லாம் நின்று தேய்ந்த முழங்கால்கள் அவருக்கு. பாதி தூரம் போவதற்குள் நடுவர் விசிலை வாயில் வைத்துவிட்டார். கூட்டம் ஊளையிட்டது.

ஜெயசீலன் கையைத் தூக்கினான். "சார், கொஞ்சம் நில்லுங்க. எங்க ஆளு இன்னும் வந்து சேரல."

நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். இருபத்திரண்டு பேரும் நின்றார்கள். துலுக்காணம் தம் நடையில் போய்ச் சேர்ந்து, குனிந்து, பழத்தைப் புதைத்து நிமிர்ந்த பிறகுதான் விசில் ஊதியது.

கடைசி நிமிடத்தில் எதிரணி அடித்த பந்து அதே கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மேட்ச் டிரா. அணி பிழைத்தது.

பிள்ளைகள் குதித்தார்கள். அவர் குதிக்கவில்லை. வண்டிக்குத் திரும்பிப் பெட்டியில் கரி போட்டு ஊதினார். யாருடைய சட்டையையோ விரித்துத் தேய்க்கும்போதுதான் "எங்க ஆளு" என்ற சொல் காதில் வந்து விழுந்தது. சட்டை நனையும்படி அழுதார். எத்தனை வருடத்து அழுகையோ! பிறகு அதையும் தேய்த்துக் காயவைத்தார்.

தவறான கம்பத்தைக் காத்தாலும் ஒரு நாளும் காவலுக்கு வரத் தவறாத துலுக்காணத்தாருக்காக, அவருடைய சாமி ஆட்டத்தையே நிறுத்திக் காத்திருந்தது. அவருக்கு நம் வணக்கம்.