பொழுது சாய்ந்தால் அந்நியர்

ஆற்றின் இக்கரையில் நாணல்நாடு என்று ஒரு நாடு இருந்த காலத்தில், வெற்றிவேள் என்ற ராஜா அதை ஆண்டுவந்தார். ஒருநாள் குளித்துவிட்டு வந்தவர் திடீரென்று, "அக்கரைத் தாழைநாட்டாரும் நாமும் இனி ஒரே குடி" என்றார். சபை கைதட்டியது. சபைக்கு வேறு என்ன வேலை?

கைதட்டாமல் மகிழ்ந்தவன் ஒருவன்தான்: முரசறையும் இடும்பன். அவன் மனைவி செம்பாயி அக்கரைக்காரி. அந்நியப் பெண் இங்கே குடியேறக் கூடாதென்று, கல்யாணமாகி மூன்று வருடமாக அவளைத் துறையிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

விதிகளை எழுதும் பொறுப்பு மந்திரி நல்லுடையாருக்குப் போனது. அவருக்கு அக்கரையில் தோப்பு உண்டு, சம்பந்தியும் உண்டு. ஒற்றுமையைப் பற்றி மூச்சு விடாமல் பேசுவார். அவர் எழுதி இடும்பனிடம் கொடுத்த ஓலை சொன்னது இதுதான்: நாணல்நாட்டார் அக்கரையில் நிலம் வாங்கலாம், வழக்காடலாம், பதவி வகிக்கலாம். தாழைநாட்டார் விடிந்ததும் இக்கரைக்கு வந்து வேலை செய்யலாம். பொழுது சாய்வதற்குள் ஆற்றைக் கடந்துவிட வேண்டும்.

பகலெல்லாம் தெருத்தெருவாக முரசடிப்பவனுக்குப் பகலில் மட்டும் மனைவி! இடும்பன் ஓலையைத் திரும்பத் திரும்பப் படித்தான்.

மறுநாள் ராஜாவின் முன் அதை முழங்கிக் காட்டச் சொன்னார்கள். தாழைநாட்டார் நாணல்நாட்டில் நிலம் வாங்கலாம், பதவி வகிக்கலாம் என்றும், நாணல்நாட்டார் அங்கே போனால் வேலையை முடித்து இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும் என்றும் அவன் கணீரென்று முழங்கினான்.

தம் ஓலையை அக்கரையார் மாற்றி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்து நல்லுடையார் துள்ளி எழுந்தார். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுந்தது.

"நம்மை என்ன, கூலிக்கு வந்தவர்கள் என்று நினைத்தானா? இதை எழுதியவனைக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விட வேண்டும், மகாராஜா."

"யாரடா எழுதியது?" என்றார் ராஜா.

"உடையார்தான், மகாராஜா. நாட்டுப் பெயரை மட்டும் அடியேன் இடம் மாற்றினேன்."

அரச ஓலையைத் திரித்தவனுக்குத் தலை போக வேண்டும் என்று நல்லுடையார் சீறினார். ராஜாவின் முகம் இறுகியது. இடும்பன் கைகட்டி நின்றான்.

"போனால் போகட்டும், மகாராஜா. ஆனால் அக்கரையில் நான் இதை நேராகவே முழங்கினாலும், உடையாருக்கு இப்போது எப்படிக் கேட்டதோ அப்படித்தான் அவர்களுக்கும் கேட்கும்."

அவிழ்ந்த தலைப்பாகையோடு நின்றவரைப் பார்த்த ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நமக்கு அங்கே என்னவோ, அதுவே அவர்களுக்கு இங்கே என்று ஒரே வரியில் புது ஓலை எழுதச் சொல்லி முத்திரை வைத்தார். அதை ஊருக்குச் சொல்லும் வேலை நல்லுடையாருக்கு, அவரே கேட்ட கழுதைமேல். முரசைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் போன கோலத்தைப் பார்க்க ஊரே திரண்டது.

இடும்பன் அங்கே இல்லை. ராஜா கொடுத்ததை அன்றைக்கே வாங்கி வீட்டில் வைத்துவிட வேண்டும் என்பது, இருபது வருடம் ஆணைகளை முழங்கியவனுக்குத் தெரியாதா? அக்கரையில், துணிமணி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்ட செம்பாயியின் கையைப் பிடித்தான்.

"துணி கிடக்கட்டும். நாளைக்கு வேறு ஆணை வந்தாலும் வரும். நீ முதலில் படகில் ஏறு."