அக்கரைக் கோபுரம் எத்தனை முழம்?

முன்னொரு காலத்தில், பக்கத்து நாட்டான் குழம்பில் உப்பு சரியாக இருந்தால்கூட வயிறெரியும் ஓர் அரசன் இருந்தான். பெயர் மணிமகுடன். அவனுடைய காவல் கோபுரம் எழுபத்தேழு முழம். ஆற்றுக்கு அக்கரையில், கரையை ஒட்டியே, பக்கத்து நாட்டரசன் புதிதாக ஒரு கோபுரம் எழுப்பிவிட்டான். அது எத்தனை முழம் என்று தெரியாமல் மணிமகுடனுக்குச் சோறு இறங்கவில்லை.

மந்திரி செண்பகராயனுக்கு வேறு எரிச்சல். அரசன் மந்திரி பேசினால் கொட்டாவி விடுவான். விகடகவி குப்பாண்டி பேசினால் சிரிப்பான். பதினைந்து வருடமாக இதைப் பார்த்துப் பார்த்து மந்திரி வெந்துகொண்டிருந்தான். அக்கரைக் கோபுரத்தைக் கட்டிய கொத்தனைப் பிடித்து, அளவை ஓலையில் எழுதி வாங்கி, முத்திரையிட்டு அரசனிடம் தந்தான்.

"அரசே, இதை இப்போது பிரிக்க வேண்டாம். ஆற்றைக் கடக்காமல் குப்பாண்டி அளந்து சொல்லட்டும். ஓலையோடு ஒத்துப்போகாவிட்டால் நாட்டை விட்டே போகட்டும்."

அரசனுக்கு ஓலையைப் பிரிக்கக் கை துறுதுறுத்தது. ஆனாலும் வேடிக்கை பார்க்கும் ஆசை வென்றது. சபையே ஆற்றங்கரைக்குக் கிளம்பியது.

குப்பாண்டி கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்றான். குனிந்தான். தன் கால்களுக்கு நடுவே கோபுரத்தைப் பார்த்தான். உச்சி தெரியவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி குனிந்தான். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் செண்பகராயன்தான்.

உச்சி தெரியத் தொடங்கிய இடத்தில் குப்பாண்டி ஒரு முளை அடித்தான். அங்கேயே நிமிர்ந்து, தலைப்பாகையின் விளிம்பு கோபுரத்தின் அடியைத் தொடுவதுபோல் தெரியும்வரை அதை இழுத்துவிட்டான். பிறகு தலையை நிமிர்த்தாமல் குனியாமல் அப்படியே திரும்பி நின்றான். விளிம்பு இக்கரையில் எந்த இடத்தைத் தொட்டதோ, முளையிலிருந்து அதுவரை முழக்கோலால் அளந்தான். எழுபத்தொன்பது.

"அரசே, கோபுரம் அந்த முளையிலிருந்து எழுபத்தொன்பது முழத் தூரம். இப்படிக் குனிந்தவன் கண்ணுக்கு உச்சி எங்கே தெரியத் தொடங்குகிறதோ, அங்கே தூரமும் கண்ணுக்கு மேலுள்ள உயரமும் ஒன்று. நம் கோபுரத்தில் முன்பே சோதித்திருக்கிறேன். குனிந்த கண் தரையிலிருந்து ஒரு முழம். அதையும் சேர்த்தால் எண்பது."

அரசன் ஓலையைப் பிரித்தான். எண்பது என்றே இருந்தது.

செண்பகராயனின் சிரிப்பு நின்றது. ஆனால் அரசனின் முகம் கறுத்ததைக் கண்டதும் அவனுக்கு உயிர் திரும்பியது.

"கேட்டீர்களா அரசே? பகைவன் கோபுரம் நம்முடையதைவிட மூன்று முழம் உயர்வு என்று சபையறியச் சொல்கிறான். இவனுக்கு என்ன தண்டனை?"

"மூன்று முழம்தானே அரசே," என்றான் குப்பாண்டி. "மந்திரியார் தலைப்பாகையோடு நான்கு முழம் இருப்பார். அவரை நம் கோபுரத்து உச்சியில் நிறுத்தினால் ஒரு முழம் நாம்தான் அதிகம். நாட்டின் மானத்துக்காக இவ்வளவு துடிப்பவர் மறுக்கவா போகிறார்?"

அரசன் தொடையைத் தட்டிச் சிரித்தான். கோபுரத்தை உயர்த்தச் செங்கல் வந்து சேரும்வரை செண்பகராயன் பகல் முழுதும் மேலேயே நிற்க வேண்டும் என்று ஆணையிட்டான். தன் முத்துமாலையைக் கழற்றிக் குப்பாண்டியின் கழுத்தில் போட்டான்.

அந்த உயரத்திலிருந்து செண்பகராயனுக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது. குப்பாண்டி மாலையோடு தெருத்தெருவாக நடந்தது, அவன் மனைவி வாசலுக்கு ஓடிவந்து ஒவ்வொரு முத்தாகத் தொட்டுப் பார்த்தது, ஊரே கூடி நின்றது எல்லாம். பார்க்கச் சகிக்கவில்லை. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றால், மூடினால் கீழே விழுந்துவிடுவான்.