மஞ்சள் கடுதாசி கொடுத்த கிணறு

மழை மறந்துபோன ஒரு மேட்டுக்காட்டில் ஒரு கிணறு இருந்தது. அறுபதடி ஆழம், நாலு பக்கமும் கல் கட்டு. கேட்டவருக்கெல்லாம் கொடுத்துப் பெயர் வாங்கிய கிணறு அது. "அந்தக் கிணத்துக்கு இல்லைங்கற வார்த்தையே தெரியாது" என்று சுற்றுவட்டாரத்தில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்பதில் கிணற்றுக்குக் கொஞ்சம் கிறக்கமும் உண்டு.

மூன்று வருஷம் வானம் பொய்த்தது. தண்ணீர் படிப்படியாக இறங்கியது. அப்போதும் இல்லை என்று சொல்லக் கிணற்றுக்கு நாக்கு எழவில்லை. கடன் வாங்கிக் கொடுத்தது. முதலில் வாய்க்காலிடம் வாங்கியது. வாய்க்கால் வறண்டதும் லாரித் தொட்டியைக் கூப்பிட்டது. லாரித் தொட்டியின் கணக்கு கறாரானது. ஒரு நடை ஊற்றினால் ஒன்றேகால் நடையாகத் திருப்பித் தர வேண்டும்.

கிணற்றுக்குப் பக்கத்து வேலியோரம் ஒரு தகரக் குவளை குடியிருந்தது. விளிம்பு நெளிந்த ஏழைக் குவளை. அது ஒரு முருங்கைக் கிளையைப் போத்தாக நட்டு வைத்து, தினமும் எங்கெங்கோ அலைந்து ஒரு குவளைத் தண்ணீர் தேடிக்கொண்டு வந்து ஊற்றும். போத்தில் அப்போதுதான் இரண்டு துளிர் விட்டிருந்தது.

ஒரு நாள் காலை லாரித் தொட்டி வந்து வரப்பில் நின்றுகொண்டது. பாக்கியில் பாதியாவது வராமல் நகரமாட்டேன் என்றது. கிணற்றின் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. ஆனால் குழாயில் காற்றுப் புகுந்துவிட்டதால் மோட்டார் இழுக்கவில்லை. மேலே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் இழுக்கும். அந்த நேரம் பார்த்துக் குவளை நிறைந்த தண்ணீரோடு அந்தப் பக்கமாக வந்தது.

"பொழுது சாயறதுக்குள்ள திருப்பித் தந்துடறேன், தாயி" என்றது கிணறு.

குவளை போத்தைத் திரும்பிப் பார்த்தது. பிறகு தண்ணீரை மோட்டாரில் ஊற்றிவிட்டது. மோட்டார் இரண்டு தரம் இருமியது. ஒரு கை சேற்றைத் துப்பியது. அத்தோடு படுத்துக்கொண்டது.

மறுநாள் கிணறு மஞ்சள் கடுதாசி கொடுத்தது. என்னால் இனிக் கட்ட முடியாது, இருப்பதை எடுத்துப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது.

விசாரித்துப் பங்கு பிரிக்க அளவுகோல் வந்து சேர்ந்தது. அது சிரித்து யாரும் பார்த்ததில்லை. நாற்பது கிணறுகளை அளந்த அனுபவம் அதற்கு. தினமும் காலையில் ஊறியிருக்கும் தண்ணீரை அளந்து கடன் கொடுத்தவர்களுக்குப் பிரிப்பதாகவும், கிணறும் அதில் குடியிருக்கும் ஆமையும் உயிர் பிழைக்க இரண்டு கைத் தண்ணீர் விடுவதாகவும் அது அறிவித்தது. கடன் கொடுத்தவர்களின் பெயர்களையும் படித்தது. குவளையின் பெயர் அதில் இல்லை. ஒரு குடத்துக்குக் குறைந்த கடனெல்லாம் பட்டியலில் சேராதாம்.

கிணறு தயங்கித் தயங்கிக் கேட்டது. குவளையின் கடன் சின்னக் கடன்தானே, அதை மட்டும் முதலில் தீர்த்துவிடலாமா என்றது.

அளவுகோல் அதை ஏற இறங்கப் பார்த்தது.

"பட்டியலில் இல்லாதவருக்கு முந்திக் கொடுக்கத் துடிக்கிறீர்கள். அப்படித் துடிப்பவர்கள் பெரும்பாலும் எதையோ அங்கே பதுக்கப் பார்ப்பவர்கள்" என்று சொல்லி, தன் குறிப்பில் ஏதோ எழுதிக்கொண்டது.

அன்றிலிருந்து கிணற்றைச் சுற்றிக் கண்கள் முளைத்தன. லாரித் தொட்டி போகும்போதும் வரும்போதும் உள்ளே ஒரு கல்லைப் போட்டு, சத்தம் எப்படி வருகிறது என்று காது கொடுத்துக் கேட்டது. நாற்பது வருஷம் கூடவே உழைத்த வாளியைக் கூப்பிட்டு, கிணற்றில் ரகசியப் பொந்து ஏதும் உண்டா என்று விசாரித்தார்கள். வாளி யோசித்துவிட்டு, கயிறு விட்ட ஆழம் வரைக்கும்தான் தனக்குத் தெரியும், அதற்குக் கீழே என்ன இருக்கிறதென்று சத்தியம் செய்ய முடியாது என்றது. அது பொய்யில்லை. ஆனாலும் கிணற்றுக்கு நெஞ்சில் முள் தைத்த மாதிரி இருந்தது.

கிணற்றுக்கும் யாரைப் பார்த்தாலும் சந்தேகம் வந்தது. வாளியை லாரித் தொட்டி விலைக்கு வாங்கிவிட்டதோ? காகம் ஏன் இப்போதெல்லாம் கைப்பிடிச் சுவரில் வந்து உட்காருகிறது? ஆமைகூட அளவுகோலிடம் போய்ப் பேசுகிறதோ என்று ஒரு நாள் தோன்றியது. தோன்றியதை நினைத்து அதுவே வெட்கப்பட்டது.

குவளை தினமும் மத்தியானம் வந்து கொஞ்ச நேரம் நிற்கும். எதுவும் கேட்காது. அது கேட்காமல் நிற்பதுதான் கிணற்றை அறுத்தது. ஒரு நாள் தாங்காமல் போத்து எப்படி இருக்கிறது என்று கிணறு விசாரித்தது.

"ஒரு துளிர் கருகிடுச்சு, அண்ணே. இன்னொண்ணு இருக்கு. நான் ஒண்ணும் கேக்க வரல. சும்மா வந்தேன்" என்றது குவளை.

அன்று சாயங்காலம் கிணறு ஆமையிடம் பேசியது. தங்களுக்கு விட்ட இரண்டு கைத் தண்ணீரில் தினமும் அரைக் கை மிச்சம் பிடிக்கலாமா என்று கேட்டது. ஆமை கழுத்தை நீட்டித் தன் ஓட்டைப் பார்த்தது. அது ஏற்கெனவே வெடிக்கத் தொடங்கியிருந்தது.

"நம்ம வாயைக் கட்டிக் குடுக்கறத யாரு கேக்க முடியும்? குடுத்துடலாம்" என்றது கடைசியில்.

கீழ்ப்படியில் சின்னதாக ஒரு குழி இருந்தது. ஆமை வாயில் தண்ணீரைச் சுமந்து வந்து அதில் விட்டது. பாதியை வெயில் குடித்தது. ஏழாம் நாள் காகம் இறங்கி மீதியையும் குடித்துவிட்டுப் போனது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை ஆமை ஒரு பலகைக் கல்லை இழுத்து வந்து குழியை மூடியது. தன் பட்டினியை இப்படி ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறதே என்று கிணறு நினைத்தது. எவராவது பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று பயமாகவும் இருந்தது. ஆனால் வேறு வழி தெரியவில்லை.

இருபத்திமூன்றாம் நாள் ஒரு குவளை அளவு சேர்ந்தது. கிணறு குவளையைக் கூப்பிட்டது. குவளை படிப்படியாக இறங்கி வந்தது. ஆமை கல்லை நகர்த்தியதும் குழியில் தண்ணீர் மினுங்கியது.

குவளை சந்தோஷப்படும் என்று கிணறு எதிர்பார்த்திருந்தது. குவளை தண்ணீரைப் பார்த்தது. கல்லைப் பார்த்தது. பிறகு கிணற்றைப் பார்த்தது.

"இது எங்கிருந்து வந்துச்சு, அண்ணே?"

"எங்க பங்குலேர்ந்து சேத்தது, தாயி."

குவளை சரி என்று தலையை ஆட்டியது. ஆனால் அதன் பார்வையில் ஏதோ ஒன்று விலகிக்கொண்டதைக் கிணறு கவனித்தது. குவளை தண்ணீரை மொண்டுகொண்டு, ஒரு வாய் நனைத்துப் பார்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனது.

மறுநாள் போத்தின் அடியில் மண் ஈரமாக இருப்பதை லாரித் தொட்டி பார்த்துவிட்டது. மழையில்லாத ஊரில் ஈரம் எப்படி வந்தது என்று குவளையை மடக்கியது. குவளைக்குப் பொய் சொல்லத் தெரியாது. கிணறு கொடுத்தது என்றது. சற்று நேரத்தில் அளவுகோல் கிணற்றுக்குள் இறங்கியது. பலகைக் கல்லைப் புரட்டியது. கீழே இருந்த குழியை அளந்தது.

கிணறு உள்ளதை உள்ளபடி சொன்னது. ஆமை தன் வெடித்த ஓட்டைக் காட்டியது.

"பட்டியலில் இல்லாத கடனுக்காகப் பட்டினி கிடந்தவர்கள் யாரையும் நான் கண்டதில்லை. ஒரு குவளைத் தண்ணீர் வெளியே வந்திருக்கிறதென்றால் உள்ளே ஊற்று இருக்கிறது என்று அர்த்தம். தோண்டுங்கள்" என்றது அளவுகோல்.

கடப்பாரை வந்தது. தூக்கிப் போட்ட இடத்திலெல்லாம் பாறை தெறித்தது. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். கிணறு பிறந்ததிலிருந்து அதன் அடியை யாரும் தொட்டதில்லை. வலி தாங்காமல், அங்கே ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று புலம்பியது. அது புலம்பப் புலம்ப லாரித் தொட்டிக்கு நம்பிக்கை கூடியது. அங்கேயே குத்து என்று கடப்பாரைக்குக் கை காட்டியது.

நான்காம் நாள், பழைய அடித்தரைக்குப் பதினைந்தடி கீழே பாறை பிளந்தது. கடப்பாரையைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் பீறிட்டது. மத்தியானத்துக்குள் கீழ்ப்படி முழுகியது. சாயங்காலத்துக்குள் பாதிக் கிணறு நிறைந்துவிட்டது.

அன்றைக்கே எல்லாக் கடனும் அடைந்தது. வாய்க்காலுக்குப் போனது. லாரித் தொட்டிக்கு ஒன்றேகால் நடைக் கணக்கில் பைசல் ஆனது. கிணற்றுக்கு மஞ்சள் கடுதாசியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் போகும்போது யாரும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? இத்தனையும் உள்ள வச்சுக்கிட்டுத்தான் இல்லை இல்லைன்னு அழுதிருக்கு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனது லாரித் தொட்டி.

அளவுகோல் தன் குறிப்பின் கடைசி வரியை எழுதியது: கிணறு மறைத்து வைத்திருந்த ஊற்று கண்டுபிடிக்கப்பட்டது.

எனக்கே தெரியாது என்று கிணறு சொல்லிப் பார்த்தது. தன் வயிற்றில் இருப்பது தனக்குத் தெரியாதா என்று திருப்பிக் கேட்டார்கள். நாளாக ஆக, ஒருவேளை எங்கோ ஓர் ஓரத்தில் தனக்குத் தெரிந்துதான் இருந்ததோ என்று கிணறே தன்னைக் குடைந்துகொள்ள ஆரம்பித்தது.

எல்லோரும் வந்து மொண்டுபோனார்கள். குவளை மட்டும் வரவில்லை. ஒன்பதாம் நாள் வந்தது. புதுத் தண்ணீரில் ஒரு வாய் எடுத்தது. அசையாமல் நின்றது. மறுபடியும் ஒரு வாய் எடுத்தது. பிறகு விறுவிறுவென்று ஊருக்குள் போனது. வெயில் தாழ்ந்த பிறகு திரும்பி வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது.

"அண்ணே, இந்தத் தண்ணி தித்திக்குது. அன்னிக்கு நீங்க குடுத்தது உப்புக் கரிச்சுது. பாசி நாத்தம் அடிச்சுது. இதுவும் அதுவும் ஒரே ஊத்து இல்லை. எனக்குத்தான் அது தெரியும். நானும் உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன்."

இதை அவர்களிடம் சொன்னாயா என்று கிணறு கேட்டது.

"சொல்லிட்டுத்தான் வரேன். கிணத்துக்கிட்ட எத்தனை குவளைத் தண்ணி வாங்கிக்கிட்டு இப்படிப் பேசறேன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணுன்னு சொன்னேன்."